டிவி வாங்கினால் கடையும் கூடவே வருகிறது

போன மாதம் ஒரு சாயங்காலம் கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன். ஏழரை மணிக்கு மேல் கூப்பிட்டால் "சீரியல் ஓடுது, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு அரை மணி நேரம் பேசினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன்க்கா, டிவி பாக்கலையா?"

"அது என்னமோ பாஸ்வேர்டு கேட்டுட்டு நிக்குதுடா தம்பி. ரெண்டு நாள் அமுக்கி அமுக்கிப் பாத்தேன். அணைச்சு வெச்சுட்டேன்."

"எத்தன நாளா?"

"அன்னிக்கு கரண்ட் போயி வந்துச்சுல்ல, அதுலேர்ந்து. ஒம்பது நாள் இருக்கும்."

அக்காவுக்கு 76 வயது. அத்தான் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பெரிய வீட்டில் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை பேச்சுக்குரல் என்று ஏதாவது கேட்டால் அது டிவியிலிருந்துதான். ஒன்பது நாளாக அதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவனே பெங்களூர்ல ஆபீஸ் வேலையில அல்லாடுறான். டிவி வரலைன்னு அவனைக் கூப்பிடுவாங்களா?" என்றாள்.

இது தீபாவளிக்கு அவள் மகன் வாங்கிக் கொடுத்த டிவி. ஆன்லைனில், பண்டிகைத் தள்ளுபடியில், 43 இன்ச், 4கே, ஸ்மார்ட், 22,490 ரூபாய். பாசத்தோடுதான் வாங்கிக் கொடுத்தான். அதற்கு முன்னால் இருந்தது 21 இன்ச் டப்பா டிவி, 17 வருஷம் உழைத்தது. முகப்பில் ஒரு பவர் பொத்தான் இருக்கும். அமுக்கினால் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு படம். அவ்வளவுதான் அதன் வித்தை.

"வயசானவங்களுக்குப் புது டெக்னாலஜி புரியாது சார், நாமதான் பொறுமையா சொல்லிக்கொடுக்கணும்" என்று இந்நேரம் உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் சொல்லியிருப்பீர்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். என் அக்கா 32 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தேர்தல் வேலைக்குப் போய் வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சீல் வைத்து ஒப்படைத்தவள். இன்றைக்கும் கரண்ட் பில்லைச் செல்போனிலேயே கட்டுகிறாள். இப்படிப்பட்டவளுக்கு ஒரு டிவியைப் போட முடியவில்லை என்றால் தப்பு அவளிடம் இல்லை. அவள் சேனல் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்த டிவி செய்யப்படவில்லை, அதுதான் விஷயம்.

குறைந்த விலை டிவி என்று இன்றைக்கு விற்பதில் பெரும்பாலானவை, நம் கூடத்தில் நம் செலவிலேயே திறந்து வைக்கப்படும் ஒரு கடை. படம் பார்ப்பது அதில் இரண்டாம் வேலை. தனியாக இருக்கும் ஒருவர் தானே போட்டுப் பார்க்க முடியாத டிவி, என்ன விலைக்குக் கிடைத்தாலும் மலிவு கிடையாது. இதுதான் என் கட்சி. கட்சி என்றால் கணக்கு காட்ட வேண்டும், காட்டுகிறேன்.

முதலில் ஒரு பொத்தான் இருந்தது

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. எங்கள் ஊர்ப் பக்கம் டிவி வந்து சேரப் பல வருஷம் ஆயிற்று. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தபோது, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் வசதி உள்ளவர்கள் தென்னை மர உயரத்துக்கு ஆன்டெனா கட்டி அதைப் பிடித்துப் பார்த்தார்கள். டயனோரா, சாலிடேர் என்று மெட்ராஸ் கம்பெனிகளின் பெயர்தான் எல்லார் வாயிலும். மொட்டை மாடியில் ஒருத்தர் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, வாசலில் ஒருத்தர், கூடத்தில் ஒருத்தர். "தெரியுதா?" "இல்ல!" "இப்ப?" "ஆங், தெரியுது, விட்றாதே!"

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பாதி நேரம் புள்ளியும் கோடும்தான் பார்த்தோம். ஆனால் தொல்லையெல்லாம் வானத்தில்தான் இருந்தது. பெட்டியில் இல்லை. பெட்டியை யார் வேண்டுமானாலும் போடலாம். 2006-இல் தமிழ்நாடு அரசு வீடு வீடாகக் கொடுத்ததே 14 இன்ச் இலவசக் கலர் டிவி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட அதைத் தாங்களே போட்டுப் பார்த்தார்கள். யாரும் போய் வகுப்பு எடுக்கவில்லை.

பிறகு கேபிள் டிஜிட்டல் ஆனது, செட்டாப் பாக்ஸ் வந்தது. ரிமோட் ஒன்று இரண்டானது. அதையும் பழகிக்கொண்டோம். இப்போது வந்திருப்பது வேறு. பவர் பொத்தானை அமுக்கினால் சேனல் வருவதில்லை, ஒரு கடைத்தெரு வருகிறது. மேலே பெரிதாக ஏதோ ஒரு புதுப்படத்தின் விளம்பரம், கீழே வரிசை வரிசையாகச் சின்னப் படங்கள். பாதிக்கு மேல் மாதச் சந்தா கட்டினால்தான் திறக்கும். நாம் ஏற்கெனவே பணம் கட்டி வைத்திருக்கும் கேபிள் இணைப்பு எங்கே என்று தேடினால், ஓரத்தில் 'இன்புட்' என்று ஒரு மூலையில் பதுங்கிக் கிடக்கிறது.

ரிமோட்டைப் பாருங்கள். அக்கா வீட்டு ரிமோட்டில் நாலு கலர் பொத்தான்கள். நாலும் நாலு ஓடிடி கம்பெனிகளுக்கு. அக்கா அதில் ஒன்றுக்கும் சந்தா கட்டவில்லை. 1, 2, 3 என்ற எண் பொத்தான்கள் மட்டும் கிடையவே கிடையாது. ஓடிடி கம்பெனிகள் ரிமோட்டில் இடம் பிடிக்கக் காசு கொடுக்கின்றன. எண் 1-க்கும் எண் 2-க்கும் யார் காசு கொடுப்பார்கள்? அதனால் அவை போய்விட்டன.

விலை ஏன் இவ்வளவு குறைவு?

'போட்டி அதிகம், அதனால் விலை குறைவு' என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை.

அமெரிக்காவில் விசியோ என்று ஒரு மலிவு விலை டிவி கம்பெனி. வாங்கியவர்களைச் சரியாகக் கேட்காமலே, அவர்கள் திரையில் நொடிக்கு நொடி என்ன ஓடுகிறது என்று 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து திரட்டியது என்பது புகார். கேபிளில் பார்த்தாலும் சரி, டிவிடியில் பார்த்தாலும் சரி, திரையில் தெரிவதை அடையாளம் கண்டுவிடும். 2017 பிப்ரவரியில் அந்த நாட்டு அரசு அமைப்புகளுக்கு 22 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2024 டிசம்பரில் வால்மார்ட் அதே கம்பெனியைச் சுமார் 230 கோடி டாலருக்கு வாங்கியது. தன் விளம்பர வியாபாரத்தை வளர்க்க அது உதவும் என்று வால்மார்ட்டே வெளிப்படையாகச் சொன்னது. டிவி செய்து விற்பதைவிட, விற்ற டிவியின் வழியாக விளம்பரம் காட்டுவதில்தான் வரும்படி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஆண்ட்ராய்டு டிவி விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகார் போனது. ஆப்ஸ் கடை வேண்டும் என்றால் கூடவே மற்ற ஆப்ஸ்களையும் சேர்த்துத்தான் டிவி கம்பெனிகள் வாங்கியாக வேண்டும், வேறு வழியில் போகக் கைகட்டு என்பது புகாரின் சாரம். 2025 ஏப்ரலில் கூகுள் 20 கோடி ரூபாய்க்கு மேல் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. டிவி செய்கிற கம்பெனிக்கே தன் டிவியில் எதைத் திறந்து காட்டுவது என்பதில் முழுச் சுதந்திரம் இல்லை என்றால், வாங்குகிற நமக்கு எவ்வளவு இருக்கும்?

நான் வங்கியில் வேலை பார்த்தவன். ஒரு பொருள் அடக்க விலைக்குப் பக்கத்தில் விற்கிறது என்றால், மீதிப் பணம் எந்தக் கவுண்டரில் வருகிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்த தொழில் அது. இங்கே அந்தக் கவுண்டர் நம் கூடத்தில் இருக்கிறது.

டீச்சர் போட்ட மூன்று கணக்கு

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்து விடிகாலையில் கும்பகோணம் போய் இறங்கினேன். காபி குடித்துவிட்டு, டிவி பெட்டியின் அட்டையில் அச்சடித்திருந்ததை ஒவ்வொன்றாக அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கணக்கு டீச்சரிடம் கணக்கு சொன்னால் கண் பளிச்சென்று ஆகிவிடும்.

முதல் கணக்கு, அளவு. 43 இன்ச் என்பது மூலைக்கு மூலை. அகலம் சுமார் 37 அரை இன்ச், உயரம் 21. 32 இன்ச் டிவியோடு ஒப்பிட்டால் பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் அதிகம். அக்காவின் நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவே 9 அடி. அந்தத் தூரத்துக்கு 43 சரியான அளவுதான். ஆறடிக்குள் உட்கார்ந்து பார்க்கும் சின்ன அறை என்றால் 32 போதும். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு முன்பு ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாம் 18 சதவீதம். வரி குறைந்தது என்று சின்ன அறைக்குப் பெரிய டிவி வாங்கிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்காதீர்கள். ஆக, அளவு விஷயத்தில் மாப்பிள்ளைக்குப் பாஸ் மார்க்.

இரண்டாம் கணக்கு, 4கே. சாதாரண கேபிள் சேனல் ஒன்றின் படத்தில் 720-க்கு 576, அதாவது சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம். வகுத்துப் பார்த்தால் மிகச் சரியாக 20 மடங்கு. வருகிற ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு டிவி இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப மீதி பத்தொம்பதும் அதுவா இட்டுக்கட்டுறதுதானே?" ஆமாம். ஒரு கரண்டிப் பருப்பில் இருபது பேருக்குச் சாம்பார். அதனால்தான் பழைய டப்பா டிவியில் தெளிவாகத் தெரிந்த சீரியல் புது டிவியில் களிம்பு பூசினாற்போல் தெரிகிறது.

சரி, நல்ல 4கே படமே வந்தாலும்? 9 அடி தூரத்தில், 43 இன்ச்சில், 1920-க்கு 1080 உள்ள ஃபுல் எச்டியின் புள்ளிகளே கண்ணுக்குத் தனித்தனியாகப் பிரிந்து தெரியாது. அதற்கு மேல் நாலு மடங்கு நெருக்கமாக வைத்து யாருக்கு என்ன லாபம்? கேபிள் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு 43 இன்ச் ஃபுல் எச்டியே தாராளம்.

மூன்றாம் கணக்கு, தவணை. 'வட்டியில்லாத் தவணை' என்று ஒன்பது மாதத்துக்கு வாங்கியிருந்தான். வங்கிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், வட்டியில்லாத தவணை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. 2013-லேயே ரிசர்வ் வங்கி இதைச் சுற்றறிக்கை போட்டுக் கண்டித்தது. நடப்பது என்ன? கார்டுக்காரர் வட்டி போடுகிறார், விற்பவர் அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி என்று காட்டுகிறார். ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 22,490 ரூபாய்க்கு ஒன்பது மாத வட்டி சுமார் 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 250 ரூபாய், நம் தலையில். அதோடு செயலாக்கக் கட்டணம், அதற்கும் வரி. 'இல்லாத' வட்டிக்கு ஏறக்குறைய 500 ரூபாய் போய்விடுகிறது. முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் போச்சு.

மூன்று கணக்கையும் கேட்டுவிட்டு அக்கா, "இதெல்லாம் அவன்கிட்ட சொல்லாதே, மனசு கஷ்டப்படுவான்" என்றாள். சொல்லவில்லை. இங்கேதான் எழுதியிருக்கிறேன். அவன் இதைப் படிப்பதில்லை.

இரண்டே முக்கால் மணி நேரம்

டிவி வந்த அன்று கம்பெனியிலிருந்து மாட்ட வந்த தம்பி மொத்தம் கால் மணி நேரம்தான் இருந்தாராம். சுவர் மாட்டிக்கு 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, கூடத்துச் சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் துளை போட்டிருக்கிறார். அது சுண்ணாம்புக் காரைச் சுவர். ஒரு திருகாணி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இலவசமாக வந்த இரண்டு கால்களும் பிரிக்காமல் அப்படியே கிடந்தன.

முதல் வேலையாக டிவியைக் கீழே இறக்கி, கால்களை மாட்டி, பழைய மேஜையில் வைத்தேன். உட்கார்ந்தால் கண் உயரம் திரையின் நடுப்பகுதிக்கு நேராக வர வேண்டும். கழுத்து வலிக்கு அக்கா இரண்டு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அடுத்து வயர். கேபிள்காரர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று பழைய மூன்று வயரையே சொருகிவிட்டுப் போயிருந்தார். செட்டாப் பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ துளை சும்மா இருந்தது. பெரிய கடைத்தெருவில் 150 ரூபாய்க்கு ஒரு எச்டிஎம்ஐ வயர் வாங்கிப் போட்டு, பாக்ஸின் அமைப்பில் படத்தின் அளவை 1080-க்கு மாற்றினேன். களிம்பு பாதி போய்விட்டது. 22,490 ரூபாய் டிவியை 150 ரூபாய் வயர்தான் பார்க்கும்படி ஆக்கியது.

பிறகு அந்தப் பாஸ்வேர்டு. மகன் தன் கணக்கில் டிவியைத் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நடுவில் ஏதோ காரணத்துக்காகத் தன் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். கரண்ட் போய் வந்ததும் டிவி கடைத்தெருவில் போய் நின்றுகொண்டு, பெங்களூரில் மாறிய பாஸ்வேர்டைக் கும்பகோணத்தில் கேட்டிருக்கிறது. கேபிளுக்கும் அந்தப் பாஸ்வேர்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அதைத் தாண்டிப் போகும் வழி அவளுக்குத் தெரியும்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

டிவியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து ஆரம்பித்தேன். இதை எல்லாரும் கவனியுங்கள். கூகுள் டிவி வகையில், தொடக்கத்திலேயே, எந்தக் கணக்கும் இணையமும் இல்லாமல் சாதாரண டிவியாக மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு வழி இருக்கிறது. பளிச்சென்று தெரியாது, பொறுமையாகத் தேட வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்தேன். வீடா கடையா என்று கேட்டால் வீடு என்று சொல்லுங்கள். கடை என்று அமுக்கிவிட்டால் ஷோரூமில் ஓடுவதுபோல் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

படத்தின் வகையில் பளபளப்பானதை விட்டுவிட்டு 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' வையுங்கள். படத்தை வழுக்கிக்கொண்டு ஓட வைக்கும் அம்சத்தை அணைத்துவிடுங்கள். ஒலியில், பேச்சுக்குரலைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு அமைப்பு பல டிவிகளில் உண்டு, அதைப் போடுங்கள். இந்த ஒல்லி டிவிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் தரையைப் பார்த்து இருக்கிறது. நமக்குக் காது கேட்கவில்லை என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். பார்ப்பதைக் கண்காணிக்கும் அனுமதி, விளம்பர அடையாளம் என்று என்ன இருந்தாலும் எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லுங்கள். ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள். டிவியின் பின்புறம் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. மின்னல், திடீர் ஏற்றத்துக்கு ஒரு நல்ல ஸ்பைக் கார்டு போதும்.

கடைசி வேலைதான் முக்கியம். டிவி திறக்கும்போது கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கே போகும்படி அமைத்தேன். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்கு டிவியின் பவர், ஒலிப் பொத்தான்களைக் கற்றுக்கொடுத்தேன். பல பாக்ஸ் ரிமோட்டுகளில் இந்த வசதி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. இப்போது அக்காவுக்கு ஒரே ரிமோட், எண் பொத்தான்களோடு. அந்த நாலு கலர் ரிமோட்டை பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

பிறகு வீட்டு மெயினை அணைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டுவிட்டு, திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு செய்தி வாசிப்பவர் குரல் கேட்டது. இன்னும் இரண்டு முறை அணைத்துப் போட்டேன், இரண்டு முறையும் கேட்டது.

எல்லாம் முடிய இரண்டே முக்கால் மணி நேரம். இதற்கு ஒரு விலை போட்டுப் பாருங்கள். இதையும் சேர்த்தால்தான் அந்த டிவியின் உண்மை விலை.

எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு

"சார், நீங்க முன்னேற்றத்துக்கு எதிரி." இல்லை. மார்கழிக் கச்சேரிகளை யூடியூபில் கேட்காத நாள் எனக்குக் கிடையாது. ஆனால் அதற்கு ஒரு சின்னக் குச்சி போதும், எச்டிஎம்ஐ துளையில் சொருகினால் எந்த டிவியும் ஸ்மார்ட் ஆகிவிடும். வேண்டாதபோது உருவிவிடலாம். திரை பத்து வருஷம் உழைக்கும். அதற்குள் இருக்கும் சாப்ட்வேர் நாலைந்து வருஷத்தில் நத்தையாகிவிடும். குறைந்த பட்ஜெட்காரன் திரையைத் தனியாகவும் மூளையைத் தனியாகவும் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மூளை பழசானால் திரையோடு தூக்கிப் போட வேண்டாம்.

"சாதா டிவி யார் சார் விக்கிறாங்க?" 32 இன்ச்சில் இன்றும் கிடைக்கிறது, உள்ளூர்க் கடைகளில் கேளுங்கள். 43-இல் கிடைப்பது கஷ்டம். அப்படியானால் ஸ்மார்ட் டிவியே வாங்கி, நான் மேலே சொன்னபடி அதன் வாயைக் கட்டுங்கள். வாங்குமுன் கடையிலேயே மூன்று கேள்வி கேளுங்கள். கணக்கு இல்லாமல் ஓடுமா? போட்டவுடன் கேபிள் வருமா? எங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா, எத்தனை வருஷ உத்தரவாதம்? விற்கிறவர் சொல்வதை நம்பாமல், டிவியை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடை.

"விளம்பரம் இல்லேன்னா விலை ஏறிடும்." ஏறட்டுமே. ஆயிரமோ இரண்டாயிரமோ, அந்தத் தொகையை அட்டையில் அச்சடியுங்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்கிறோம். தொகையைச் சொல்லாமல் எங்கள் கூடத்தில் கடை போடுவதுதான் வழிப்பறி.

நான் கேட்பது

மின்சாரம் எவ்வளவு சாப்பிடும் என்று ஸ்டார் போட்ட லேபிளை டிவியில் ஒட்டுகிறோம் அல்லவா? அது ஒட்டியதால் கம்பெனிகள் மூழ்கிவிடவில்லை. வாங்குகிறவர் பார்த்து வாங்கப் பழகினார். அதே இடத்தில் இன்னும் நாலு வரி ஒட்டச் சொல்லுங்கள். போட்டவுடன் என்ன வரும்? கணக்கில்லாமல் ஓடுமா? எத்தனை வருஷம் சாப்ட்வேர் தருவீர்கள்? ரிமோட்டில் எண்கள் உண்டா?

இரண்டாவது, சம்மதம். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்டால் அதைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. அக்கா வீட்டு டிவி கேட்ட சம்மதம் முழுக்க ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், பதினைந்து பக்கம். சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. வரும்போது டிவியையும் மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணமே இல்லாத அரசுச் சேவை. டிஷ்ஷிலிருந்து வரும் வயரை, தனிப் பெட்டி இல்லாமல், டிவியிலேயே நேராகச் சொருகிப் பார்க்கும் வகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-லேயே வரையறை கொண்டுவந்துவிட்டது. கடைத்தெருவைத் திரையில் திறக்கத் தெரிந்த கம்பெனிகளுக்கு இதை எல்லா டிவியிலும் வைப்பது பெரிய வித்தையா? ஒரு வயர், ஒரு ரிமோட், ஒரு பொத்தான். ஓய்வூதியத்தில் ஓடும் வீட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், அம்மாவோ அப்பாவோ பெரியம்மாவோ தனியாக இருக்கும் வீட்டில், ஒரு நாள் சாயங்காலம் மெயினை அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். ரிமோட்டைக் கையில் வாங்காதீர்கள். "இதை அமுக்குங்க" என்று சொல்லாதீர்கள். அவர்களே போட்டுக்கொண்டார்கள் என்றால் நீங்கள் வாங்கிக் கொடுத்தது டிவி. இல்லை என்றால், ஊருக்குத் திரும்புமுன் இரண்டே முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.